உங்களுக்குத் தெரியுமா? கேட்டறியாத மொழியை எழுதும் பிள்ளைகள்

✦ கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து 'படம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'மடம்', பிறகு 'பணம்', கடைசியாக 'மணம்'. நான்குக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன. காற்று மூக்கு வழியாகப் போகிறதா, வாய் வழியாகப் போகிறதா என்பது வெளியே தெரியாது. ட, ண இரண்டும் வாய்க்குள்ளே நாக்கு மடங்கிப் பிறப்பவை. 'உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான்' என்று காது கேளாத பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோமே, அவன் நாள் முழுக்க இப்படிப்பட்ட நான்கில் ஒன்றை ஊகித்துக்கொண்டிருக்கிறான். தாளில் எழுதிக் காட்டினால்தான் நான்கும் அவனுக்கு நான்காகத் தெரியும்.

✦ காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. கேட்கும் குழந்தை பள்ளிக்கூடம் வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடு வருகிறது. கதை கேட்டும் சண்டை போட்டும் அடம்பிடித்தும் பழகிய வாயோடு வருகிறது. அதற்கு எழுத்து என்பது ஏற்கெனவே தெரிந்த பேச்சுக்கு ஓர் உருவம், அவ்வளவுதான். காது கேளாத குழந்தையோ, தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே தெரியாமல் வருவதுண்டு. அதன் கையில் 'அம்மா' அட்டையைக் கொடுத்து எழுதச் சொல்லும்போது, மொழியையும் எழுத்தையும் ஒரே மூச்சில் கற்கச் சொல்கிறோம்.

✦ இந்த வேலையைச் செய்துகாட்டியவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆசிரியர் ஒரு துறவி. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், ஓன்யா என்ற ஊரின் மடத்தில் இருந்த பெத்ரோ போன்சே தே லியோன். செல்வாக்குள்ள வெலாஸ்கோ குடும்பத்தின் காது கேளாத பையன்கள் அவரிடம் வந்தார்கள். அவர் பேச்சிலிருந்து தொடங்கவில்லை. ஒரு பொருளைக் காட்டுவார், அதன் பெயரை எழுதுவார், பிறகுதான் நாவை அசைக்கக் கற்றுக்கொடுப்பார். பேச்சுக்குப் பின்தான் எழுத்து வரும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அந்த வரிசையை அவர் மாற்றிப் போட்டார்.

✦ காது கேளாதோருக்குக் கற்பிப்பது பற்றி அச்சான முதல் நூல் 1620-இல் மத்ரித் நகரில் வந்தது. எழுதியவர் ஹுவான் பாப்லோ போனெட். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைவடிவம் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்.

✦ பாரிஸில் அபே தெ லெப்பே ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இலவசப் பள்ளி, 1760-களில் வளர்ந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் பயன்படுத்திய சைகையை அவர் முதலில் கற்றுக்கொண்டார். அதன் மேல் பிரெஞ்சு இலக்கணத்தை ஏற்றினார். அவருக்குப் பின் வந்த சிகார், ழான் மாசியூ என்ற ஆடு மேய்த்த பையனுக்குப் பாடம் எடுத்தார். பொருள்களைப் படமாக வரைந்து காட்டியபோது பையனுக்கு உடனே புரிந்தது. படத்தின் மேல் பெயரை எழுதியபோது திகைத்துப் போனான். பொருளைப் போல் கொஞ்சமும் இல்லாத சில கோடுகள் எப்படி அந்தப் பொருளாக முடியும்? கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. கோட்டுக்கும் பொருளுக்கும் நடுவே ஒலி நின்று இரண்டையும் இணைத்துவிடுகிறது. அந்தப் பாலம் இல்லாமலேயே மாசியூ கடந்தார். கடந்த பின் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் கேட்டுச் சிகாரைத் துளைத்தெடுத்தார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார்.

✦ மாசியூவின் மாணவர் லோரான் கிளேர். 1816-இல் தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கரோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பயணம் 52 நாள். கிளேர் சைகை மொழி கற்றுக்கொடுக்க, காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். கிளேர் படிக்க எடுத்துக்கொண்ட வழி, தினமும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதுவது. கடலில் என்ன பார்த்தார், சாப்பாட்டில் என்ன இருந்தது, யாரோடு என்ன பேச்சு என்று எழுதுவார், காலடெட் திருத்துவார். இலக்கணப் பயிற்சிக்கு என்று பொய்யாகச் செய்த வாக்கியங்கள் அல்ல, அன்றைக்கு நடந்தவை. 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் இருவரும் சேர்ந்து திறந்த பள்ளி இன்றும் நடக்கிறது.

✦ காது கேளாத ஒருவர் எழுதி வெளியான முதல் நூல் 1779-இல் பாரிஸில் வந்தது. எழுதிய பியேர் தெலோழ், புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளி. சைகை மொழி முழு மொழியல்ல என்று ஒரு பாதிரியார் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக எழுந்ததுதான் அந்த நூல்.

✦ தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல், தன்னைக் காது கேளாதோர் ஆசிரியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். 1872-இல் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற ஐந்து வயதுப் பையன் அவரிடம் வந்தான். பெல் அவன் பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய அட்டை தயார்செய்தார். பொம்மை வேண்டுமானால் அதன் அட்டையைத் தேடி எடுத்துவந்து தர வேண்டும். ஆசை முதலில், சொல் பிறகு. ஒரு கையுறையின் விரல் கணுக்களில் எழுத்துகளைப் பொறித்து அந்தப் பிஞ்சுக் கையில் மாட்டிவிட்டார். பையனின் கையைப் பிடித்து, எழுத்து மாற்றி எழுத்து தொட்டால் அது ஒரு வாக்கியம். தெருவில் நடந்துகொண்டே பேசலாம். இவ்வளவு அழகான ஆசிரியர், பின்னாளில் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து அகற்றத் தன் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

✦ ஹெலன் கெல்லருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கையில் எழுத்துக் கூட்டியதுதான் தண்ணீரின் பெயர் என்று தண்ணீர்க் குழாயடியில் அவருக்குப் புரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். தேதி 1887 ஏப்ரல் 5. அடுத்த சில நாளில் ஆசிரியை ஆன் சல்லிவன் எடுத்த முடிவு அதைவிடப் பெரியது. ஒரு சின்னக் குழந்தை வீட்டில் எப்படிப் பேச்சு கற்கிறது என்று கவனித்தார். யாரும் அதற்கு ஒற்றைச் சொல்லாகப் பாடம் நடத்துவதில்லை. முழு வாக்கியத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றுமுதல் ஹெலனின் உள்ளங்கையில் முழு வாக்கியங்களை எழுத்துக் கூட்டினார், புரிகிறதா இல்லையா என்று காத்திருக்காமல்.

✦ 'அம்மா தம்பிக்குக் கடையில் பேனா வாங்கிக் கொடுத்தாள்.' இதைத் தமிழ் கற்கத் தொடங்கிய காது கேளாத பிள்ளை 'அம்மா தம்பி கடை பேனா வாங்கு கொடு' என்று எழுதக்கூடும். விஷயம் முழுக்க இருக்கிறது. காணாமல் போனவை க்கு, இல், இ, த்தாள். காது மெஷின் போட்டாலும் சொல்லின் வாலில் மெலிந்து ஒலிக்கும் இந்தத் துணுக்குகள்தான் முதலில் நழுவும். தமிழில் இலக்கணம் அத்தனையும் அந்த வாலில்தானே இருக்கிறது!

அவனுக்கு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் இல்லை. சைகையில் 'கொடு' சொல்லும்போது கை அம்மா இருக்கும் பக்கத்தில் தொடங்கித் தம்பி இருக்கும் பக்கத்தில் முடிகிறது. நாம் 'கு' போட்டுச் சொல்வதை அவன் கையின் திசையால் சொல்லிவிட்டான். ஆகவே 'தப்பு' என்று சிவப்பு மை அடிப்பதற்குப் பதிலாக, 'நீ கையை இந்தப் பக்கம் கொண்டுபோனாயே, அதைத் தமிழ் இப்படி எழுதும்' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஆசிரியர் அவன் கற்றதை மதிக்கிறார். இருமொழிக் கல்வி என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதன் உயிர்நாடி இதுதான்.

✦ வாக்கியத்தைக் கண்ணுக்குக் காட்ட ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1880-களில் ஜார்ஜ் விங் வாக்கிய உறுப்புகளுக்குக் குறியீடுகள் வகுத்தார். 1899-இல் கேத்தரின் பாரி சுவரில் ஐந்து சிலேட்டுகளை மாட்டினார்: எழுவாய்க்கு ஒன்று, வினைக்கு ஒன்று, செயப்படுபொருளுக்கு ஒன்று, மற்ற இரண்டும் ஆங்கில முன்னிடைச் சொல்லுக்கும் அதைத் தொடரும் பெயருக்கும். 1926-இல் எடித் ஃபிட்ஸ்ஜெரால்டு 'யார்', 'என்ன' என்று தலைப்பிட்ட கட்டங்களை வகுத்தார். பல பத்தாண்டுகள் அமெரிக்க வகுப்பறைகளில் அது நிலைத்தது. விங், ஃபிட்ஸ்ஜெரால்டு இருவருமே காது கேளாதவர்கள். கட்டங்கள் உதவும், சந்தேகமில்லை. ஆனால் கட்டத்தை நிரப்பியே பழகிய பிள்ளை 'நான் பூங்கா போனேன். நான் ஊஞ்சல் ஆடினேன். நான் வீடு வந்தேன்' என்பதோடு நின்றுவிடும். சொல்ல ஒரு செய்தியும் அதைக் கேட்க ஓர் ஆளும் இருந்தால்தான் நான்காவது வாக்கியம் பிறக்கும்.

✦ 1880, மிலான் நகர மாநாடு: காது கேளாதோர் பள்ளிகளில் பேச்சு முறை மட்டுமே வேண்டும் என்று தீர்மானம். வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன் பிறகு காது கேளாத ஆசிரியர்கள் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். சைகை செய்த பிள்ளைகளின் கைகள் அடிவாங்கின. 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள்.

✦ அந்த ஆண்டுகளின் பலன் என்ன? 1979-இல் கான்ராடு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பள்ளி முடித்து வெளியேறும் காது கேளாத மாணவர்களின் வாசிப்பை அளந்து நூலாக்கினார். 15, 16 வயதுப் பிள்ளைகளில் நடுவில் நின்றவரின் வாசிப்புத்திறன், ஏறத்தாழ 9 வயதுப் பிள்ளையினுடையது. மூளையில் குறை இல்லை. மொழி போய்ச் சேரவில்லை.

✦ சைகையும் முறையான இலக்கணம் கொண்ட மொழியே என்று வில்லியம் ஸ்டோகோ ஆய்வு செய்து எழுதியது 1960-இல்தான். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத கைக்குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று லாரா ஆன் பெட்டிட்டோவும் அவருடைய சக ஆய்வாளரும் 1991-இல் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வாசிப்பிலும் முந்துகிறார்கள். சைகை கற்றால் எழுத்து வராது என்ற பயம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வது அதற்கு நேர்மாறு.

✦ சுவீடன் 1981-லேயே தன் நாட்டுச் சைகை மொழியை அங்கீகரித்தது. 1983-இல் வந்த பாடத்திட்டத்தின் இலக்கு: பிள்ளைகளுக்குச் சைகையும் வேண்டும், சுவீடிஷ் எழுத்தும் வேண்டும்.

✦ இந்தியச் சைகை மொழியில் வினை கடைசியில் வரும், தமிழைப் போலவே. 'உன் பெயர் என்ன' என்பதில் 'என்ன' கடைசியில் நிற்பதும் அப்படியே. காலத்துக்கு வினையில் விகுதி கிடையாது. 'நேற்று' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை சொல்வரிசையோடு படும் அவதி தமிழில் குறைவு. நம் ஆசிரியர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு நல்ல வசதி இது.

✦ வசதி உண்டென்றால் சிக்கலும் உண்டு. கேட்கும் பிள்ளைக்கு 'போறேன்', 'போகிறேன்' இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உதட்டில் ஒன்றும் புத்தகத்தில் வேறொன்றும் பார்க்கிற பிள்ளைக்கு அவை இரண்டு தனிச் சொற்கள். 'வந்துட்டாங்க', 'வந்துவிட்டார்கள்' பற்றிக் கேட்கவே வேண்டாம். பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் ஜோடி ஜோடியாக எழுதிக் காட்டும் ஒரு சிறு நோட்டு இந்தப் பிள்ளைகள் எல்லோருடைய பையிலும் இருக்க வேண்டும்.

✦ 'மழை'யை 'மலை' என்றும், 'பள்ளி'யை 'பல்லி' என்றும் எழுதுவது காதால் வரும் பிழை. சொல்லின் உருவத்தைக் கண்ணால் மனதில் பதித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பிழை வரக் காரணமே இல்லை. அவனுக்கு வருவது எழுத்து இடம் மாறும் பிழை, நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போகும் பிழை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே 'சொல்வதை எழுது' தேர்வு வைப்பதில் அர்த்தமில்லை.

✦ சைகை மொழி நன்கு தெரிந்த ஆசிரியர்கள் இயல்பாகவே செய்யும் ஒன்றை ஆய்வாளர்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்துக் குறித்தார்கள். புதுச் சொல் வந்தால் ஆசிரியர் அதன் சைகையைக் காட்டுகிறார், உடனே விரலால் எழுத்துக் கூட்டுகிறார், பிறகு கரும்பலகையில் எழுதிய சொல்லைத் தொடுகிறார், மறுபடி சைகை. சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துவிடுவது. மாசியூவுக்கு இல்லாமல் போன பாலத்தைக் கையாலேயே கட்டுகிறார்கள்.

✦ தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான் காதால் கேட்பதற்கும் வினா எழுப்புவதற்கும். குறளின் 42-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'கேள்வி'. அங்கே அதற்குப் பொருள் செவிவழிக் கல்வி. காது கேளாத பிள்ளைகளின் பல வகுப்பறைகளில் வினா என்பது ஆசிரியரிடமிருந்து மட்டுமே வரும்: இது என்ன? என்ன நிறம்? எத்தனை? பிள்ளை விடை சொல்லியே வளர்கிறது. வினா எழுதத் தெரியாமலே பள்ளி முடிக்கிறது. 'ஏன்', 'எப்படி' என்று எழுதிக் கேட்கப் பழகிய பிள்ளை பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் யார் துணையும் இல்லாமல் நிற்க முடியும். செவியால் கேட்கும் முதல் 'கேள்' இல்லாத பிள்ளைக்கு இரண்டாவது 'கேள்' எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

✦ 1980-களில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பரப்பப்பட்ட ஓர் எளிய முறை: உரையாடல் நோட்டு. மாணவர் தன் மனதில் உள்ளதை எழுதி ஆசிரியரிடம் கொடுப்பார். ஆசிரியர் திருத்த மாட்டார், மதிப்பெண் போட மாட்டார்; பதில் எழுதுவார். 'நான் நேற்று மாமா வீடு போ. நாய் கடி. பயம்' என்று ஒரு பெண் எழுதினால், ஆசிரியை, 'ஐயோ! நீ மாமா வீட்டுக்குப் போனாயா? நாய் உன்னைக் கடித்ததா, மாமாவைக் கடித்ததா?' என்று எழுதித் தருவார். சரியான வாக்கியம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. விடுபட்ட 'க்கு', 'ஐ' அதில் இருக்கின்றன. அதைப் படித்தால்தான் மேலே கதை சொல்ல முடியும் என்பதால் அவள் கவனித்துப் படிப்பாள். கிளேர் கப்பலில் செய்தது கிட்டத்தட்ட இதேதான். இதற்குச் செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. நேரம்தான் வேண்டும், 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது சிறிய விஷயமல்ல என்பதும் உண்மை.

✦ அதே பல்கலைக்கழகத்தில் 1985-இல் டிரென்ட் பாட்சன் ஒரு காரியம் செய்தார். வகுப்பறைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, மாணவர்கள் முழு வகுப்பையும் தட்டச்சிலேயே நடத்தும்படி செய்தார். ஆங்கிலத்தில் அரட்டை, வாதம், கேலி எல்லாம் எழுத்தாகத் திரையில் ஓடின. வாட்ஸ்அப் குழு பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

✦ 1849-இல் அமெரிக்காவின் வட கரோலினா பள்ளி காது கேளாத மாணவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகை அச்சிட்டது. பிறகு பல பள்ளிகளில் அச்சகம் வந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் மாணவன் ஒவ்வொரு விகுதியையும் விரலால் தொட்டாக வேண்டும். தொழிலும் ஆயிற்று, மொழியும் ஆயிற்று. இரைச்சலான அச்சுக்கூடங்களில் காது கேளாத அச்சுக்கோப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள்.

✦ ஊமைப்படக் காலத்தில் அட்டையில் வரும் வசனத்தைக் கேட்பவரும் கேளாதவரும் சேர்ந்தே படித்தார்கள். 1920-களின் இறுதியில் பேசும்படம் வந்ததும் ஒரு தரப்புக்குத் திரை மூடியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வசன எழுத்தோடு தேசிய அளவில் ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி 1972-இல் வந்த ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி. நம் தமிழ் சேனல்களில் தமிழ் எழுத்தோடு ஓடும் நாடகம் எத்தனை? ஒவ்வொரு சாயங்காலமும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய வாசிப்புப் பாடம் வீணாகிறது.

✦ தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்வியின் பழைய முகவரி பாளையங்கோட்டை. 1890-களில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண் அங்கே தொடங்கிய பள்ளி அவர் பெயரிலேயே நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் கைதடி நஃபீல்ட் பள்ளி, ஈழத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியில் கற்பிக்கிறது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயாவில் கைக்குழந்தையோடு அம்மாவும் வகுப்புக்கு வருகிறார். பேச்சு வழியில் பயிற்றும் அந்தப் பள்ளியும் மொழிப்பாடம் வீட்டில்தான் நடக்கிறது என்பதை முதலிலேயே கண்டுகொண்டது.

✦ தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. பிள்ளைகளின் சுமையை நினைத்துத் தந்த சலுகை, தேவையானதுதான். ஆனால் விலக்கு கிடைக்கும் என்பதையே காரணமாக்கி ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த மொழியைக் கைவிடும்போது, சலுகை கதவை அடைக்கிறது. தேர்விலிருந்து விலக்கு கொடுக்கலாம். மருந்துச் சீட்டிலிருந்தும் வாடகை ஒப்பந்தத்திலிருந்தும் யார் விலக்கு கொடுப்பது?

✦ 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கேட்டலில் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். 2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. அது 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. அதே 2021 ஜூலையில் சைகை மொழிக்குப் பள்ளியில் மொழிப்பாடம் என்ற தகுதி அறிவிக்கப்பட்டது.

✦ 2015-இல் இந்தியா, கானா, உகாண்டா மூன்று நாடுகளிலும் காது கேளாத இளைஞர்களுக்கான ஓர் எழுத்துப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர்களும் காது கேளாத இளைஞர்களே. வகுப்பு முழுக்கச் சைகையில். பாடப்புத்தகத்தைத் திறந்து தொடங்கவில்லை. அன்றாடம் சந்திக்கிற ஆங்கிலம் எதுவோ அதுவே பாடம்: ஓட்டலின் பட்டியல், வேலைக்கான விண்ணப்பம், கடைப் பலகை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடமே கையால் கேட்கலாம். 'இந்தக் கட்டத்தில் என்ன எழுதணும்?' என்று ஒருவர் கேட்க, போன மாதம் அதே படிவத்தோடு மல்லுக்கட்டிய இன்னொருவர் சொல்லித்தருகிறார்.